யாழினி, செந்தூரன், அடுத்தவன்: ஒரு பெயர்த் தெரிவின் நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

கோண்டாவிலில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வளவில் வசிக்கும் குடும்பத்துக்கு, நல்லூர்க் கோயிலில் தீர்த்தத் திருவிழா முடிந்த அன்றிரவு பத்தே முக்காலுக்கு மூன்றாவது பிள்ளையாக ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மூத்தவள் யாழினிக்கு ஒன்பது வயது; அடுத்தவன் செந்தூரனுக்கு ஆறு. அந்த இருவருக்கும் பெயர் வைக்க அரை நாள்கூடச் செலவாகவில்லை என்றும், மூன்றாவது பிள்ளைக்கு இருபத்தைந்து நாட்கள் போயும் முடிவு வரவில்லை என்றும் தாய் என்னிடம் வந்து சொன்னபோது, பெயர் சூட்டவேண்டிய துடக்குக் கழிவுக்கு, அதாவது முப்பத்தொராம் நாளுக்கு, ஆறு நாட்களே இருந்தன. நான் பாடசாலையில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள் என்பதால் இப்படியான வழக்குகள் என் விறாந்தைக்கு வந்து சேர்வது புதிதல்ல. ஆனால் அவர் கேட்ட கேள்வி வழக்கமானதாக இருக்கவில்லை.

"ரீச்சர், வடிவான பேர் எங்களிட்டைக் கனக்க இருக்கு. மற்ற இரண்டு பேரோடையும் ஒத்துப்போற பேர்தான் இல்லை."

ஒத்துப்போதல் என்றால் என்ன என்பதை அந்த வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக விளங்கிக்கொண்டிருந்ததே சிக்கலின் மூலம் என்பது இரண்டு நாட்களில் எனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளைகளின் பெயர்களைத் தவிர குடும்பத்தைப் பற்றிய வேறு அடையாளம் எதையும் தருவதில்லை என்ற உடன்பாட்டுடன் அந்த ஆறு நாட்களை இங்கே பதிவு செய்கிறேன்.

ஒத்த பெயர் என்னும் பழக்கம்

யாழ்ப்பாணத்தில் உடன்பிறந்தோரின் பெயர்களை ஓசையால் கட்டுவது நெடுநாளைய பழக்கம். என் தாய் வீட்டில் மகேஸ்வரி, யோகேஸ்வரி, பரமேஸ்வரி என்று மூன்று பேர் இருந்தார்கள். அவர்களை மகேஸ், யோகேஸ், பரமேஸ் என்று கூப்பிடுவார்கள். கிணற்றடியில் நின்று "…ஏஸ்" என்ற வால் மட்டும் காதில் விழுந்தால் மூவரும் திரும்புவார்கள். அடுத்த தலைமுறையில் நாதன்களும் ரூபன்களும் தீபன்களும் வந்தார்கள். அதன் பின்னர் ஷன் என்று முடியும் ஆண்களும் ஷா என்று முடியும் பெண்களுமாக வகுப்பு இடாப்புகள் நிரம்பின. என் வகுப்பொன்றில் ஐந்து பிள்ளைகளின் பெயர்களை முதலெழுத்தை விட்டுப் பார்த்தால் பிரித்தறிய முடியாமல் இருந்தது.

ஆனால் இதை நம் மரபின் ஒரே வழியாகக் கொள்வது தவறு. மானிப்பாய் வழிவந்த பொன்னம்பல முதலியாரின் மூன்று ஆண்மக்களை எடுத்துக்கொள்வோம்: குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம். ஓசையில் ஒன்றுக்கொன்று எந்த உறவும் கிடையாது. முதற் பெயர் முருகனுடையது, இரண்டாவது இராமேசுவரத்துச் சிவனை நினைவூட்டுவது, மூன்றாவது திருவண்ணாமலை. மூன்றையும் ஒருங்கே சொன்னால் ஒரு சைவ வீட்டுப் பிள்ளைகள் என்பது யாருக்கும் விளங்கும். ஒருவரை இன்னொருவராக மயங்க இடமேயில்லை. மூன்றாமவருக்கு வைக்கப்பட்டது தந்தையின் தந்தையுடைய பெயர். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பதால்தானே மகனின் மகனைப் பெயரன் என்கிறோம்; பேச்சில் அது பேரனாகிவிட்டது.

ஓசை ஒற்றுமை எவ்வளவு குழப்பம் தரும் என்பதற்கு நமது அரசர்களே சாட்சி. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் செகராசசேகரன், பரராசசேகரன் என்ற இரு பட்டப் பெயர்களையும் மாறி மாறிச் சூடிக்கொண்டதால், ஒரு நூலிலோ சாசனத்திலோ அப்பெயர் வந்தால் அது எந்தச் செகராசசேகரன் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அரச வம்சத்துக்கே இந்தக் கதி என்றால், தடுப்பூசி அட்டையில் ஒரே தலைப்பெழுத்தும் ஏறக்குறைய ஒரே பெயரும் கொண்ட அண்ணன் தம்பியின் நிலை என்ன? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தம்பிக்குப் போட்ட ஊசி அண்ணனின் அட்டையில் பதியப்பட்டு, அதைத் திருத்துவதற்குத் தாய் மூன்று முறை கிளினிக்குக்கு அலைந்தார். எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்தப் பெயர்களை நான் எழுதியிருந்தாலும் பிழைத்திருப்பேன்.

நம் வழக்கில் உடன்பிறந்தோர் என்ற வட்டம் பெரியது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பெரியப்பாவின் மகனும் அண்ணாதான். இந்தக் குழந்தையின் பெரியப்பா கனடாவில் இருக்கிறார். அவருடைய மூத்த மகனுக்கு, காலஞ்சென்ற அப்பப்பாவின் பெயரான முத்துக்குமாருவிலிருந்து எடுத்துக் குமரன் என்று முன்னமே வைத்துவிட்டார்கள்.

நட்சத்திரமும் எழுத்தும்

இருபத்தேழு நட்சத்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதங்கள், பாதத்துக்கு ஓர் எழுத்தாக நூற்றெட்டு எழுத்துகள் என்ற அட்டவணை நம்மூர்ப் பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. இங்கே இரண்டு பஞ்சாங்கங்கள் புழங்குகின்றன. கொக்குவிலில் இருந்து வரும் வாக்கிய பஞ்சாங்கம் பழைய வாக்கியங்களின்படி சந்திரனின் இடத்தைக் கணிப்பது. மட்டுவிலில் இருந்து வரும் திருக்கணிதம் வானத்தில் காணப்படும் நிலைக்கு ஏற்பத் திருத்திக் கணிப்பது. நட்சத்திரம் மாறும் நேரம் இரண்டிலும் சில மணித்தியாலங்கள் விலகி நிற்பதுண்டு. பெரும்பாலான நாட்களில் அந்த விலகல் யாரையும் பாதிப்பதில்லை. இந்தக் குழந்தையோ சரியாக அந்த இடைவெளிக்குள் பிறந்துவிட்டது. வாக்கியத்தின்படி ஆயிலியம் நான்காம் பாதம்; திருக்கணிதத்தின்படி மகம் முதற் பாதம்.

ஆயிலியம் நான்காம் பாதத்துக்கு அட்டவணை தரும் எழுத்து டோ. மகம் முதற் பாதத்துக்கு ம.

வீடு இரண்டாகப் பிரிந்தது இந்த இடத்தில்தான். தகப்பனின் குடும்பம் எப்போதும் வாக்கியம் பார்ப்பது. ஆகவே டகரம்தான் என்று தகப்பன் உறுதியாக நின்றார். ஆயிலியத்தின் நான்கு எழுத்துகளான டி, டு, டே, டோ எதிலும் தமிழ்ச் சொல் தொடங்காது. டகரம் மொழிக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியத்துக்கும் நன்னூலுக்கும் பொதுவான விதி. டினோஜன், டிலக்சன் போன்ற பெயர்கள் பெருகியதற்கு இந்த அட்டவணையும் ஒரு காரணம் என்பது என் அனுமானம். வடமொழி எழுத்துகளை வைத்து ஆக்கப்பட்ட அட்டவணையைத் தமிழ்ப் பெயருக்கு அளவுகோலாகப் பிடித்தால் இப்படித்தான் முடியும். யாழினி, செந்தூரன் என்ற இரண்டுக்கும் அடுத்து டினோஜன் என்று சொல்லிப் பாருங்கள்: மூன்றாவது பிள்ளை பக்கத்து வீட்டிலிருந்து விளையாட வந்தவன் போலிருக்கும். அந்தப் பெயரில் வேறு குற்றம் எதுவும் இல்லை. டிலானி, டினேஸ் என்ற அக்கா அண்ணாவுக்குப் பிறகு வந்திருந்தால் நானே சரி என்று சொல்லியிருப்பேன்.

குடும்பத்துக்குப் பழக்கமான ஐயரிடம் போய்க் கேட்டபோது அவர் அலட்டிக்கொள்ளவில்லை. சாதகத்தில் நட்சத்திர எழுத்தில் ஒரு பெயரை எழுதி, அதைக் காதில் ஓதிவிட்டு, கூப்பிடுவதற்கு விரும்பிய பெயரை வையுங்கள் என்றார். நூற்றுக்கணக்கான வீடுகளில் நடப்பதும் அதுதான். தகப்பன் அதற்கு இணங்கினார். எழுத்துப் பிரச்சினை இதனால் தளர்ந்ததே தவிரத் தீரவில்லை. மகரத்தில் தொடங்கினால் திருக்கணிதத்துக்கும் ஆயிற்று என்று தாய் மனத்துக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

கொப்பியில் இருந்த பெயர்கள்

தாய் ஒரு கொப்பியில் இருபத்து மூன்று பெயர்களை எழுதி வைத்திருந்தார். அவற்றில் பாதிக்கு மேல் முதல் வாசிப்பிலேயே விழுந்துவிட்டன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மீதியில் நான்கு பெயர்களுக்கு வீட்டில் ஆதரவாளர்கள் இருந்தார்கள்.

முதலாவது மயூரன். இது தகப்பனின் விருப்பம். செந்தூரன், மயூரன் என்று அடுக்கிச் சொல்ல வாய்க்கு இனிமையாகத்தான் இருக்கிறது. செந்தூரில் இருப்பவனும் மயிலில் வருபவனும் ஒருவனே என்பதால் பொருளும் பொருந்துகிறது. ஆனால் அதை மூன்று முறை சொல்லிப் பார்த்தபோது யாழினி எங்கே போனாள் என்ற கேள்வி எனக்கு வந்தது. அண்ணனும் தம்பியும் ஒரு சோடியாகிவிட, அக்கா தனியே நிற்கிறாள். பெண்பிள்ளைதானே, வேறாக இருந்தால் என்ன என்று தகப்பன் சொன்னார். அந்த நேரம் யாழினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றதை அவர் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்.

இரண்டாவது பாணன். இது தாயின் தம்பியுடையது. யாழ் வாசித்த பாணனுக்கு இந்த மணல் நிலம் பரிசாகக் கொடுக்கப்பட்டதால் யாழ்ப்பாணம் என்ற பெயர் வந்தது என்ற ஐதிகத்தை வைத்து, அக்கா யாழ், தம்பி பாணன், இரண்டும் சேர்ந்தால் ஊர் என்று அவர் விளக்கினார். கெட்டித்தனமான யோசனை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் முன்னையதில் யாழினி விடுபட்டதுபோல இதில் செந்தூரன் விடுபடுகிறான். ஒரு ஊரின் பெயரை அக்காவும் தம்பியும் பங்கு போட்டுக்கொள்ள, நடுவில் பிறந்தவன் வாழ்நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். யாழவன் என்ற பெயருக்கும் இதே குறைதான். அதோடு யாழினியும் யாழவனும் வீட்டில் யாழி என்று சுருங்கிவிடுவார்கள்.

அந்த மாமா அதோடு விடாமல் நல்லூரன் என்றும் ஒரு பெயர் சொன்னார். தீர்த்தத்தன்று பிறந்தவனாம். செந்தூரன், நல்லூரன் என்று சொன்னதும் வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டபடியால் அவரே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

மூன்றாவது முகிலன். கனடாவில் உள்ள பெரியம்மா வாட்ஸப்பில் அனுப்பியது. தமிழ்ப் பெயர், மகர வரிசை, இருவரோடும் ஓசையில் மோதவில்லை. இது ஏறக்குறைய முடிவாகிவிட்டிருந்தது. ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவிலுள்ள ககரத்தை ஒருவர் கே என்றும் ஒருவர் ஜி என்றும் இன்னொருவர் எச் என்றும் எழுதுகிறார்கள். பாடசாலைப் பதிவில் ஒன்று, கடவுச்சீட்டில் ஒன்று என்று வந்துவிட்டால் பிறகு சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு திரிய வேண்டும். யாழினியின் ழகரத்துக்கே, எல் போடுவதா, இந்தியாவில் போடுவதுபோல் இசெட் எச் போடுவதா என்று ஒரு தடவை பட்டுவிட்ட தாய், இரண்டாவது தடவைக்குத் தயாராக இல்லை. இந்தக் காரணம் எனக்கு அவ்வளவு பெரிதாகப் படவில்லை. ஆனால் படிவங்களை நிரப்பப் போகிறவர் அவர்.

நான்காவது முத்துக்குமரன். இதைக் கேட்டவர் அப்பம்மா. கேட்டார் என்று சொல்வதுகூடச் சரியில்லை. கணவரின் பெயரை வாயால் சொல்லாத தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். எண்பத்திரண்டு வயதில் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி, "அவற்றை பேர் இந்த வீட்டிலையும் ஒருக்காக் கேக்கவேணும்" என்று மட்டும் சொன்னார். எல்லோருக்கும் விளங்கியது. மறுப்பதற்கு எவருக்கும் மனம் வரவில்லை. மறுப்பதற்கான காரணங்களோ திடமாக இருந்தன. அப்பப்பாவின் பெயர் மூத்த பேரனிடம், கனடாவில் உள்ள குமரனிடம், முன்னமே போய்விட்டது. இன்னொரு முருகன் பெயர் வந்தால் மயூரனுக்குச் சொன்ன அதே குறை இதற்கும் வரும்.

இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தேடவேண்டியது என்ன என்பது எனக்குத் தெளிந்தது. பிள்ளைகள் இருவர் என்றால் ஒரு பெயர் மற்றதோடு சோடி சேர்வது அழகு. மூவராகிவிட்டால் அந்தச் சோடியே பிழையாகிறது, ஏனென்றால் எந்தச் சோடியும் ஒருவரை வெளியே விடும். மூன்றாவது பெயர் முதல் இரண்டிலிருந்தும் சம தூரத்தில் நிற்க வேண்டும்: இருவரோடும் ஒரே மொழியில், ஒரே காலத்துச் சுவையில் இருக்க வேண்டும், ஆனால் ஓசையாலோ பொருளாலோ ஒருவரோடு மட்டும் கைகோத்துக்கொள்ளக் கூடாது. இதை நான் சொன்னபோது கணித ஆசிரியையான தாய், சமபக்க முக்கோணி என்றார்.

கூப்பிட்டுப் பார்த்தல்

பெயரை வாசித்துத் தீர்மானிப்பவர்கள் பலர். பெயர் வாசிப்பதற்காக அல்ல, கூப்பிடுவதற்காக இருப்பது. அதிலும் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர் யார்? யாழினி அந்த வீட்டில் யாழி, செந்தூரன் செந்து. தூரத்தில் நிற்பவரைக் கூப்பிடும்போது கடைசி உயிர் நீள்கிறது. விளியைப் பற்றி இலக்கணம் நிறையச் சொல்கிறது என்றாலும், குசினியில் நின்று தேங்காய் துருவிக்கொண்டே வளவு முழுவதற்கும் கேட்கும்படி கூப்பிடும் தாயின் குரலை வைத்துப் பார்ப்பதே எளிது. யாழீ. செந்தூ. முதலாவது ஈயில் முடிகிறது, இரண்டாவது ஊவில். அப்படியானால் மூன்றாவது இவையிரண்டும் அல்லாத ஓர் உயிரில் முடிந்தால் காற்றடிக்கிற நேரத்திலும் குழப்பம் வராது.

தாயைக் குசினியில் நிற்கவிட்டு நானும் யாழினியும் படலையடியில் நின்றோம். முகிலன் முகீ ஆகி யாழீயோடு இழுபட்டது. முத்துக்குமரன் முத்தூ ஆகிச் செந்தூவோடு போய் மோதியது. மருதன் என்று நான் ஒன்று வைத்திருந்தேன், மருத நிலத்தை நினைத்து. அதுவும் மருதூ ஆகிவிட்டது. எனக்கு அதில் கொஞ்சம் கவலைதான்.

மாறன் என்ற பெயர் கொப்பியில் பத்தொன்பதாவதாக, யாரும் பரிந்து பேசாமல் கிடந்தது. தாய் அதைக் கூப்பிட்டபோது "மாறா" என்று வந்தது. ஆகாரம். யாழீ, செந்தூ, மாறா என்று அடுத்தடுத்துக் கூப்பிடச் சொன்னோம். மூன்றும் மூன்று திசையில் போயின. சுருக்க வேண்டிய தேவையும் இல்லை. இருக்கிற நீளமே கூப்பிடும் நீளம்.

பிறகு பொருளைப் பார்த்தோம். மாறன் பாண்டியருக்குரிய பெயர், பழந்தமிழ்ப் பெயர். யாழினியும் செந்தூரனும் தமிழ்ச் சொற்களில் விளைந்தவை என்பதால் மொழி ஒத்தது. யாழோடும் முருகனோடும் தனி உறவு எதுவும் இல்லாததால் தூரமும் ஒத்தது. தகப்பன் எழுப்பிய தடை, மாறன் என்றால் மன்மதன் அல்லவா என்பது. மன்மதன் இடையின ரகரம் போட்ட மாரன். இவன் வல்லின றகரம் போட்ட மாறன். நம்மாழ்வாருக்கும் மாறன் என்ற பெயர் உண்டு என்று மாமா நினைவுபடுத்த, சைவ வீட்டுக்குச் சரிவருமா என்று ஒரு சிறு சலசலப்பு. அதைத் தீர்த்தவர் அப்பம்மா. நாயன்மார் அறுபத்து மூவரில் இரண்டு மாறர் இருக்கிறார்கள் என்றார். ஒருவர் பாண்டிய மன்னர் நின்றசீர் நெடுமாறர். மற்றவர் இளையான்குடி மாறர்: மழை பெய்யும் நள்ளிரவில் வந்த அடியாருக்குக் கொடுக்க வீட்டில் ஒன்றும் இல்லாமல், பகலில் விதைத்த முளை நெல்லையே வயலில் போய் வாரிக்கொண்டு வந்து, மனைவியிடம் சோறாக்கக் கொடுத்தவர். அந்தக் கதையை அப்பம்மா செந்தூரனுக்குச் சொன்ன விதத்தில், இருட்டில் காலால் தடவி வரம்பைக் கண்டுபிடித்த இடத்தை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

இளையான்குடி மாறரின் குருபூசை ஆவணி மகம். குழந்தை பிறந்தது ஆவணி, திருக்கணிதத்தின்படி மகம். இதைத் தாய் கண்டுபிடித்து மகிழ்ந்தார். பொருத்தம் முடிவுக்குப் பிறகு தெரியவந்தது என்பதையும், இதற்காக அந்தப் பெயரைத் தெரிந்தெடுத்ததாக யாரும் பின்னர் சொல்லக் கூடாது என்பதையும் நான் வலியுறுத்தினேன். வாக்கியத்தை விடாத தகப்பன் அதைக் கேட்டுச் சிரித்தார்.

குறைகள் இல்லாமல் இல்லை. மாறன் மாறிவிட்டான் என்று வகுப்பில் ஒரு நாள் யாராவது சொல்லத்தான் போகிறார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது றகரமும் ரகரமும் ஓர் ஆர் ஆகிவிடும். மன்மதன் அங்கே ஒளிந்துகொள்வான். யாழினிக்கு மூன்று எழுத்து, செந்தூரனுக்கு ஐந்து, மாறனுக்கு மூன்று. செந்தூரன் நீண்டுவிட்டான். ஆனால் அவன் நடுவில் நிற்பதால் அது துருத்திக்கொண்டு தெரியவில்லை.

பதிவு

முப்பத்தொராம் நாள் காலை துடக்குக் கழித்து, ஐயர் சாதகப் பெயரைக் காதில் ஓதிய பின், தகப்பன் மாறன் என்று மூன்று முறை கூப்பிட்டார். பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பதால் கையில் பதினொரு நாட்கள் இருந்தன. அவர் நான்காம் நாளே போய்விட்டார். பதிவாளர் எந்த ற என்று கேட்டாராம். இந்த ஒரு கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று தான் வழி முழுவதும் நினைத்துக்கொண்டு போனதாக வந்து சொன்னார்.

யாழினிக்குப் பெயர் பிடித்திருந்தது. செந்தூரன், தன் பெயர்தான் பெரிது என்று கண்டுபிடித்து அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

மூன்று மாதம் கழித்து ஒரு பின்னேரம் அந்த வளவுக்குப் போயிருந்தேன். சாய்மனைக் கதிரையில் அப்பம்மா மடியில் குழந்தையை வைத்துக்கொண்டிருந்தார். அவர் அவனைக் கூப்பிட்ட பெயர் மாறன் அல்ல, முத்து. ஆளில்லாத நேரத்தில் தொடங்கிய பழக்கம் என்று மருமகள் எனக்குக் காதோடு சொன்னார். குழந்தை சிணுங்கியதும் அப்பம்மா "முத்தூ" என்று குரலை நீட்ட, மாமரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்த செந்தூரன் "என்ன அப்பம்மா?" என்று ஓடிவந்தான்.